டால்பி பொத்தான் பிறந்த கதை

எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்திறங்கிய கேசட் டெக்குகளில் பிளே, ஸ்டாப், ரீவைண்ட் எல்லாம் முதல் நாளே பழகிவிட்டன. பழகாமலே போன பொத்தான் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் எதிரெதிராக நிற்கும் இரண்டு 'டி' எழுத்துகள், கூடவே 'டால்பி என்.ஆர்.' என்ற பெயர். அதை அமுக்கினால் பாட்டுக்குப் பின்னால் ஓடும் 'ஸ்ஸ்ஸ்' அடங்கியது. ஆனால் ஜால்ராவின் கிணுகிணுப்பும் வயலினின் கூர்மையும் சேர்ந்தே அடங்கின. "சவுண்டு டல்லா இருக்கு" என்று அதை அணைத்துவிட்டவர்களே அதிகம். பழி பொத்தான்மேல் விழுந்தது. அது பிறந்த கதை தெரிந்தால் குற்றவாளி வேறிடத்தில் இருப்பது புரியும்.

முதலில் அந்த 'ஸ்ஸ்ஸ்' எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒலிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டைமேல் பூசிய காந்தத் துகள்களின் படலம். பாட்டே பதியாத வெற்று நாடாவிலும் ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் காந்தம்தான். ஆளுக்கொரு திசை பார்த்துக் கிடக்கும். அவை டெக்கில் நாடாவைப் படிக்கும் பாகமான ஹெட்டைக் கடக்கும்போது ஒழுங்கில்லாத சின்னச் சின்ன அதிர்வுகள் உண்டாகின்றன. அவற்றின் கூட்டுத்தொகைதான் அந்த இரைச்சல். ஒரு நொடியில் எவ்வளவு அதிகத் துகள்கள் ஹெட்டைக் கடக்கின்றனவோ, அவ்வளவுக்குப் பாட்டு இரைச்சலுக்கு மேலே எழும். அதனால் ஸ்டுடியோக்கள் கால் அங்குல நாடாவை நொடிக்கு 38 செ.மீ. வேகத்தில் ஓட்டின. அங்கேயும் தொல்லை தீரவில்லை. ஒரு நாடாவிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் பழைய இரைச்சலோடு புதியதும் சேர்ந்துகொண்டது.

இந்த இரைச்சலோடு சின்ன வயதிலேயே பழகியவர் ரே டால்பி. 1933இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாண்டில் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போதே கலிஃபோர்னியாவின் ஆம்பெக்ஸ் என்ற டேப் ரிக்கார்டர் நிறுவனத்தில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தார். 1956இல் அந்த நிறுவனம் வெளியிட்ட, தொலைக்காட்சி நிலையங்களுக்கான வீடியோ டேப் ரிக்கார்டரை உருவாக்கிய சிறு குழுவில் அவரும் ஒருவர். அப்போது இன்னும் பட்டம்கூட வாங்கியிருக்கவில்லை. பிறகு ஸ்டான்ஃபோர்டில் பட்டம், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவர் பட்டம்.

1963இல் யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியா வந்து, சண்டிகரில் மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். இசை ஒலிப்பதிவு அவருக்கு வேலை நேரத்துக்கு வெளியே இருந்த பித்து. இங்கே கிடைத்த இந்திய இசையையும் டேப்பில் பதிவு செய்தார். நம் இசைக்கு நாடாவின் இரைச்சல் ஜென்மப் பகை. தம்பூராவின் நீண்ட ரீங்காரம், ஆலாபனை தேய்ந்து முடியும் நுனி, இரண்டு சொற்களுக்கு நடுவே பாடகர் விடும் இடைவெளி என்று மென்மையான இடமெல்லாம் 'ஸ்ஸ்ஸ்' வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த இரைச்சலை அடக்கும் புது வழி டால்பியின் மனத்தில் உருவானது இந்த இந்திய வாசத்தின்போதுதான்.

அதற்கு முன்னும் ஒரு வழி இருந்தது. பதிவு செய்யும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தை நெருக்கிச் சுருக்குவது, கேட்கும்போது விரிப்பது. தொலைபேசித் துறைக்கு அது பழைய தந்திரம். இசையில் அது சொதப்பியது. பியானோவின் ஒரு கட்டையைத் தட்டினால் ஒலியோடு இரைச்சலும் புஸ்ஸென்று எழுந்து அடங்கும்; ஆஸ்துமாக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கும். முழு ஒலியையும் சதா ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்ததுதான் காரணம்.

டால்பி கேட்ட கேள்வி: உரத்த ஒலியை ஏன் தொட வேண்டும்? பலத்த ஒலி இருக்கும்போது இரைச்சல் காதில் விழுவதே இல்லை. அது இசைக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. உதவி தேவைப்படுவது மெல்லிய ஒலிக்கு மட்டும். எனவே பதிவின்போது மெல்லிய ஒலிகளை மட்டும் பிரித்தெடுத்து, பெருக்கி, மூல ஒலியோடு சேர்த்து நாடாவில் எழுதினார். உரத்தது இருந்தபடியே போகும். கேட்கும்போது அதே மின்சுற்று தலைகீழாக வேலை செய்யும். எவ்வளவு ஏற்றியதோ, சரியாக அவ்வளவை இறக்கும். நாடாவின் இரைச்சல் இரண்டுக்கும் நடுவில் நுழைந்தது. அதை யாரும் ஏற்றவில்லை, ஆனால் இறக்கும்போது அதுவும் சேர்ந்து இறங்குகிறது. இசை பழைய நிலைக்கு வருகிறது, இரைச்சல் மட்டும் கீழே போகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, டால்பி இரைச்சலைத் தேடிப் பிடித்து வெட்டுவதில்லை என்பது. பதிவு செய்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான உடன்படிக்கை அது. இரு தரப்பும் நடந்துகொண்டால்தான் பலன்.

1965இல் இங்கிலாந்து திரும்பிய டால்பி, லண்டனில் நான்கு பேரோடு டால்பி லேபரட்டரீஸைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே டெக்கா இசைத்தட்டு நிறுவனம் அவருடைய கருவிகளை வாங்கியது. 'ஏ' வகை எனப்பட்ட அந்தக் கருவி ஒலியை நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகக் கவனித்தது. டிரம் அடித்தால் அதன் பாதிப்பு கீழ்ப்பட்டையோடு நின்றுவிடும். மேலே வயலின் பகுதி அசையாது. ஆஸ்துமா ஒழிந்தது. இரைச்சல் 10 டெசிபல் குறைந்தது. டெசிபல் கணக்கில் 10 என்றால் இரைச்சலின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். வேகத்தைக் கூட்டாமல், நாடாவை அகலமாக்கி மட்டும் இதைச் சாதிக்கப் பார்த்தால் பத்து மடங்கு அகலம் வேண்டும்.

ஸ்டுடியோ கருவி வீட்டுக்கு வந்தது கேசட்டால். பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டென்ஸின் குழு உருவாக்கிய கேசட், 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகமானது. சட்டைப் பையில் அடங்க வேண்டும் என்பதே அதன் இலக்கு. பேச்சைப் பதிவதற்கு அது போதும். நாடாவின் அகலம் 4 மி.மீட்டரைக்கூட எட்டவில்லை. வேகம் நொடிக்கு 4.76 செ.மீ., அதாவது ஸ்டுடியோ வேகத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த ஒல்லி நாடாவில் இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து நான்கு தடங்கள். இசைக்கு அது சரிப்படுமா என்று கேட்டவர்களிடம் நியாயம் இருந்தது.

ஹென்றி க்ளாஸ் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் தயாரிப்பாளர் டால்பியிடம் கேட்டது, வீட்டுக்கு ஏற்ற எளிய வடிவம். அப்படிப் பிறந்தது 'பி' வகை. நான்கு பட்டைகளுக்குப் பதில் ஒன்று. அதுவும் 'ஸ்ஸ்ஸ்' குடியிருக்கும் மேல்ஸ்தாயிப் பக்கம் மட்டும். முதலில் ரீல் டேப் கருவியில் வந்தது, 1970இல் கேசட்டுக்கு வந்தது. 1971இல் க்ளாஸின் அட்வென்ட் நிறுவனம் 201 என்ற டெக்கை வெளியிட்டது. டால்பி பி, குரோமியம் டையாக்சைடு நாடா, உறுதியான ஓட்டும் பொறி மூன்றும் ஒரே பெட்டியில். பேச்சுப் பதியும் பெட்டி அதன் பிறகுதான் இசைக் கருவியானது.

வீட்டு டெக்குகளை டால்பி தானே தயாரிக்கவில்லை. சுற்றை உரிமம் கொடுத்து, விற்கும் டெக் ஒவ்வொன்றுக்கும் சிறு தொகை வாங்கினார். இரட்டை 'டி' உலகம் முழுக்கப் பரவியது அப்படித்தான். நம் ஊரையும் அது எட்டியது. உடன்படிக்கை உடைந்ததும் இங்கேதான்.

பட்டியல் எழுதிக் கொடுத்தால் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் அப்போது தெருவுக்குத் தெரு இருந்தன. டால்பி இல்லாமல் பதிந்த கேசட்டை டால்பி போட்டுக் கேட்டால், ஏற்றாததை இறக்குகிறோம்; ஒலி மங்காமல் என்ன செய்யும்? டால்பியால் தீராத தொல்லைகளும் உண்டு. இசைத்தட்டின் 'கரகர' பதிவோடேயே வந்துவிட்டால் அதையும் டால்பி இசையாகவே எடுத்துக்கொண்டு பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். கேசட்டை நிறுத்திய பிறகும் 'உம்ம்' என்று கேட்டால் நாடாவுக்கு அதில் பங்கே இல்லை. ஆம்ப்ளிஃபயரையும் எர்த்தையும் வயர்களையும் பாருங்கள்.

சரியாக டால்பியில் பதிந்த கேசட்டும் மங்கலாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் ஹெட்தான் காரணம். ஹெட்டின் நுண்ணிய இடைவெளி நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலோ, ஹெட்டில் பழுப்புப் பொடி படிந்தாலோ முதலில் போவது மேல்ஸ்தாயி. அது குறைந்து வருவதைப் பார்க்கும் டால்பி சுற்று, 'இது மெல்லிய ஒலி, ஏற்றி அனுப்பியிருப்பார்கள்' என்று கணக்குப் போட்டு இன்னும் இறக்கும். சின்னக் கோளாறு பெரிதாகக் கேட்கும். அதனால்தான் டால்பியை அணைத்ததும் 'சரியாகிவிட்டது' போலத் தோன்றியது. உண்மையில் ஒரு தவறை இன்னொரு தவறால் மூடிக்கொண்டோம்.

இன்று புதிதாக வரும் கேசட் பிளேயர்களில் பெரும்பாலும் டால்பி சுற்றே இல்லை. அதனால் வீட்டுக் கல்யாணப் பதிவையோ தாத்தாவின் கச்சேரியையோ கணினிக்கு ஏற்ற நினைப்பவர்கள் நல்ல பழைய டெக் ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது. கிடைத்தால் வரிசை மாறாமல் செய்யுங்கள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்து உலரவிடுங்கள். டால்பியை அணைத்துவிட்டு, ஹெட்டின் ஓரத்திலுள்ள திருகை, ஜால்ரா ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும்வரை மெல்லத் திருப்புங்கள். கேசட்டில் இரட்டை 'டி' குறி இருந்தால் மட்டும், கடைசியில் பொத்தானை அமுக்குங்கள். அப்போதும் மங்கலாக இருந்தால் தாராளமாக டால்பியைத் திட்டலாம். அதற்குமுன் திட்டுவது நியாயமில்லை.