ஓர் உருண்டை கடந்து வந்த ஊர்கள்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழாவன்று மாலை, நாடகத்திற்கு ஒப்பனை நடந்துகொண்டிருந்த வேளையில், காலனி இளைஞர்கள் புலால் உண்போர்க்கெனத் தனியே இட்டிருந்த மேசையில் புதியதொரு பண்டத்தை வைத்தனர். எலுமிச்சையினும் சிறிய கறி உருண்டைகள். மேலே கருஞ்சிவப்பான பாகு. ஒவ்வொன்றிலும் செருகிய பல்குச்சி. 'காக்டெயில் மீட்பால்' என்பது அதன் பெயர் என்றனர். குழந்தைகள் நொடியில் தட்டைக் காலி செய்தனர். பெரியவர் ஒருவர் மட்டும், "ஏன் தம்பி, திராட்சை ஜெல்லியில் கறியா? தமிழர் விழாவில் வைக்கத்தக்க பண்டமா இது?" என்று வினவினார். இளைஞர்கள் விடை கூறாது தலை கவிழ்ந்தனர்.

அவ்வினா எம் மனத்தை விட்டு அகலவில்லை. யாம் சரித்திரப் புலவர் அல்லேம். ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதுபவர். ஒரு மூட்டை எந்த நிலையத்தில் ஏற்றப்பட்டது, எங்கெங்கு வண்டி மாறியது என்று பார்ப்பது எம் தொழில். இவ்வுருண்டை வந்த வழியையும் அம்முறையிலேயே பார்க்கத் துணிந்தோம்.

முதலில் செய்முறை. கொத்திய இறைச்சியுடன் ரொட்டித்தூள், முட்டை, வெங்காயம், உப்பு, மிளகு சேர்த்து உருட்டி வறுத்தெடுத்து, திராட்சை ஜெல்லியும் சில்லி ஸாஸும் கலந்த பாகில் மெல்லிய சூட்டில் ஊறவிடுதலே இது. அமெரிக்கர் இதற்கு இடும் சில்லி ஸாஸ் நம் கடைகளில் விற்கும் காரச் சாறு அன்று. தக்காளியும் காடியும் சர்க்கரையும் சேர்ந்தது, காரம் சிறிதே. இதனை அறியாமல் நம் இளைஞர்கள் முதன்முறை கண்ணீர் வடித்தனராம். தக்காளி ஸாஸில் எலுமிச்சைச் சாறும் சிட்டிகை மிளகாய்த்தூளும் கலந்தால் போதுமானது.

இனி வரலாறு. இறைச்சியை இடித்து உருட்டும் வழக்கம் மிகப் பழையது. வடநாட்டில் நாம் நாள்தோறும் கேட்கும் 'கோப்தா' என்னும் சொல் பாரசீகத்தில் இடித்தல் என்னும் பொருளுடைய சொல்லின் வழி வந்தது. இனிப்பும் புளிப்பும் இறைச்சியோடு கூடுவதும் புதுமை அன்று. 1226-ஆம் ஆண்டில் அல்-பாக்தாதி என்பார் பாக்தாத் நகரில் எழுதிய சமையல் நூலில், காடியின் புளிப்பைத் தேனாலோ பேரீச்சம் பாகாலோ சமன் செய்யும் இறைச்சிப் பதார்த்தங்கள் உள்ளன. ஆகவே, கறியில் இனிப்பா என்று நகைப்பவர் ஏறக்குறைய 800 ஆண்டுகள் பிந்திவிட்டார் என்க.

துருக்கியில் 'கோப்தே' ஆன இவ்வுருண்டை வடக்கே போன வகை விநோதமானது. ஸ்வீடன் தேசத்து அரசர் பன்னிரண்டாம் சார்லஸ் 1709-இல் பொல்தாவாப் போரில் ருஷியரிடம் தோற்று, துருக்கிய சுல்தானின் ஆட்சிப் பகுதியில் 1714 வரை அடைக்கலம் புகுந்திருந்தார். அவர் கொணர்ந்த செய்முறையே தங்கள் நாட்டு இறைச்சி உருண்டைக்கு மூலம் என்று, 2018-இல் ஸ்வீடன் நாட்டின் அதிகாரபூர்வமான ட்விட்டர் பக்கமே அறிவித்தது. 'எங்கள் தேசிய உணவு இரவல் சரக்கா!' என்று ஸ்வீடன் மக்கள் பலர் மனம் வெதும்பினர். வரலாற்றறிஞர் சிலர் அக்கூற்றை ஒப்பவுமில்லை. எவ்வாறாயினும், அவர்கள் அவ்வுருண்டையைப் புளிப்பும் இனிப்புமான லிங்கன் பழப் பாகோடு உண்பது இன்றும் வழக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைக்காலம் முதல் பிழைப்பு நாடி ஸ்வீடனிலிருந்து அமெரிக்கா சென்றோர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர். உருண்டையும் உடன் சென்றது. அங்கே அதற்கு வாய்த்த திராட்சைக்கும் ஒரு கதை உண்டு. 1849-இல் கான்கார்டு என்னும் ஊரில் எப்ராயிம் புல் என்பார் தேர்ந்தெடுத்த கருநீலத் திராட்சை அது. 1869-இல் தாமஸ் வெல்ச் என்னும் பல் வைத்தியர், மதுவை வெறுத்தவராதலால், தேவாலயத்தில் ஒயினுக்கு மாற்றாகப் புளிக்காத திராட்சைச் சாற்றை உண்டாக்கினார். அவர் வழி வந்த நிறுவனம் 1923-இல் ஜெல்லி செய்யத் தொடங்கியது. மது ஒழியவேண்டும் என்று பிறந்த சாற்றின் வழித்தோன்றல், மதுக்கலவையாகிய காக்டெயிலின் பெயர் பூண்ட பண்டத்திற்கே பாகாயிற்று! 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவிய அந்நாட்டில், பின்னர் வீட்டு விருந்துகள் பெருகின. நின்றபடியே ஒரு கையில் கோப்பையோடு உண்ணத் தக்க சிறு பண்டங்கள் வேண்டியிருந்தன. 1960-களில் ஜெல்லி உருண்டை இல்லங்கள்தோறும் பரவியது.

அதனைச் சூடாக வைத்திருக்கும் மின்சாரப் பானையும் வந்தேறிய நினைவின் பயனே. ஓய்வு நாளில் அடுப்பு மூட்டாத யூத வழக்கப்படி, லித்துவேனியாவில் முன்னாள் மாலையே ரொட்டிக்கடை அடுப்பில் பானையை வைத்து இரவெல்லாம் வேகவிடுவதைத் தம் தாயார் சொல்லக் கேட்ட இர்விங் நாக்ஸன், அவ்வாறு வேகவைக்கும் பானைக்கு 1940-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அப்பானையே 1971-இல் 'கிராக்-பாட்' என்னும் பெயரில் கடைக்கு வந்தது.

இத்தனை தூரம் சென்ற நாம் நம் காலனிக்கே திரும்புவோம். எம் அன்னையார் மணமாகி இந்தப் பீகார் மண்ணுக்கு வந்த புதிதில், கோலா உருண்டை செய்யப் பொட்டுக்கடலை மாவு அகப்படவில்லை. அடுத்த குவார்ட்டர்ஸ் பீகாரி அம்மையார் ஒரு கிண்ணம் சத்து மாவு தந்தார். அதுவும் வறுத்த கடலையின் மாவே. அன்று முதல் எம் இல்லத்துக் கோலா சத்துக் கோலாவே ஆயிற்று. சோம்பும் தேங்காயும் ஊரிலிருந்து வந்தவை. உருண்டையை உடையாமல் பிடித்து நிறுத்தியது இவ்வூர் மாவு.

மேற்சொன்ன பெரியவர் எம் இல்லத்தில் அக்கோலாவைப் பன்முறை உண்டு, "இதுவல்லவோ நம் ஊர் ருசி!" என்று கண் கலங்கியவர். அவர் கலக்கம் பொய்யன்று, ருசியும் பொய்யன்று. இவ்வளவு காலம் மறைத்த இரகசியத்தை வெளியிட்டமைக்கு அவரும் அன்னையாரும் எம்மைப் பொறுத்தருள்க. இவ்வாண்டு விழா மேசையில் இளைஞர்களின் தட்டுக்கு அருகிலேயே அன்னையாரின் கோலாத் தட்டும் இருக்கும். பெரியவர் இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எம் விண்ணப்பம்.