லோவல் பள்ளியின் வாசல்

1990களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் லோவல் உயர்நிலைப் பள்ளியில் இடம் கேட்கும் சீனக் குடும்பத்துப் பிள்ளை 69-க்கு 66 மதிப்பெண் எடுத்தாக வேண்டும். நடுநிலைப் பள்ளியில் அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு 59 போதும். கட்-ஆஃப் என்றால் என்னவென்று தமிழ் வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கட்-ஆஃப் வந்த வழி வேடிக்கையானது. கறுப்பின மாணவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தீர்க்க, நீதிமன்றத்தின் முன் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து பிறந்தது அது.

லோவல் 1856-இல் தொடங்கியது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளிகளில் இதுவே மூத்தது. அது ஆண்கள் பள்ளியாக இருந்த 1860களில், நெவாடா சுரங்க ஊரிலிருந்து ஆல்பர்ட் மைக்கல்சன் என்ற பையன் வந்து படித்தான். தலைமையாசிரியர் தியடோர் பிராட்லி அவனைத் தன் வீட்டிலேயே தங்கவைத்து, ஆய்வுக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையைக் கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுத்தார். கருவிகளைத் துடைத்து வைத்த அந்தக் கைகள்தான் பின்னாளில் ஒளியின் வேகத்தை அளந்தன. 1907-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு மைக்கல்சனுக்குக் கிடைத்தது. அறிவியலில் அந்தப் பரிசு பெற்ற முதல் அமெரிக்கர் அவர். அவருக்குப் பிறகு ஜோசப் எர்லாங்கர், எரிக் கார்னல் என்று மேலும் இரண்டு நோபல்காரர்கள் இங்கிருந்து வந்தார்கள். அமெரிக்க உச்சநீதிமன்ற முன்னாள் நீதிபதி ஸ்டீபன் பிரேயர், ஹியூலட்-பேக்கார்டு நிறுவனத்தின் வில்லியம் ஹியூலட், கொரில்லா ஆய்வாளர் டயன் ஃபாசி ஆகியோரும் இதே பள்ளிதான். 1894-இல் பள்ளிக்குக் கவிஞர் ஜேம்ஸ் ரஸல் லோவலின் பெயரைச் சூட்டினார்கள். 1962-இல் மெர்சட் ஏரிப் பக்கம் இடம்பெயர்ந்தது.

பெருமைப் பட்டியல் எந்தப் பழைய பள்ளிக்கும் உண்டு. லோவலின் உண்மையான வரலாறு அதன் வாசலில் இருக்கிறது: யாரை உள்ளே விடுவது, யாரை நிறுத்துவது என்ற சண்டையில்.

அந்தச் சண்டைக்கு ஊரிலேயே ஒரு முன்கதை உண்டு. 1884-இல் மேமி டேப் என்ற எட்டு வயதுச் சீனச் சிறுமியைச் சேர்த்துக்கொள்ள ஸ்பிரிங் வேலி பள்ளி மறுத்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1885-இல் கலிஃபோர்னியா உச்சநீதிமன்றம் சிறுமியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நகரம் அசரவில்லை, மாநிலச் சட்டமன்றம் அவசரமாகச் சட்டத்தைத் திருத்தியதும், சீனப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி திறந்து அங்கே அனுப்பிவிட்டது. 1906-இல் ஜப்பானிய, கொரியப் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் தள்ளப் பார்த்தார்கள். ஜப்பான் அரசு கொதித்தெழ, அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டே குறுக்கிட வேண்டியதாயிற்று.

லோவல் மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் பள்ளியான பிறகு நீதிமன்றம் ஏறியவர்களில் பெண்பிள்ளைகளும் உண்டு. ஆணும் பெண்ணும் சரிசமமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, பையன்களுக்கு 3.25, பெண்களுக்கு 3.50 என்று தகுதிச் சராசரியை நிர்ணயித்திருந்தார்கள். பெண்கள் நன்றாகப் படித்ததற்குக் கிடைத்த தண்டனை என்றே சொல்லலாம். 1974-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மதிப்பெண் அடிப்படையில் சேர்ப்பதில் தவறில்லை, பெண்ணுக்கு ஒரு கோடு ஆணுக்கு ஒரு கோடு போடுவதுதான் தவறு என்பது தீர்ப்பின் சாரம்.

உள்ளே நுழைந்தவர்களுக்கும் போட்டி முடிந்துவிடுவதில்லை. பள்ளி நாளை இருபது இருபது நிமிடத் துண்டுகளாக நறுக்கி வைத்திருந்தார்கள். அவற்றுக்கு 'மாட்' என்று பெயர். எந்த ஆசிரியரிடம், எந்த நேரத்தில், எந்தப் பாடம் என்பதை மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வு நாளுக்கு 'அரீனா' என்று பெயர். கையில் தாளோடு மேசைக்கு மேசை ஓடி, நல்ல ஆசிரியரின் வகுப்பு நிரம்புவதற்குள் இடம் பிடிப்பது தனிக் கலை. பல்கலைக்கழகம் போன்ற இந்தச் சுதந்திரத்துக்காகவே நகரத்தின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் பேருந்து மாறி மாறி வந்தார்கள்.

வாசல் சண்டையும் ஓயவில்லை. 1978-இல் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி., நகரப் பள்ளிகளில் இனப் பிரிவினை இருப்பதாக வழக்குத் தொடுத்தது. 1983-இல் உடன்பாடு ஏற்பட்டது. மாணவர்களை ஒன்பது இனப் பிரிவுகளாகப் பிரித்தார்கள். சாதாரணப் பள்ளியில் எந்தப் பிரிவும் 45 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. லோவல் போன்ற சிறப்புப் பள்ளியில் 40. நோக்கம் நல்லதுதான். ஆனால் லோவலில் அந்த உச்சவரம்பு இடித்தது வெள்ளையர் தலையில் அல்ல, சீனர் தலையில். 66, 59 கணக்கு வந்தது அப்படித்தான். நூறாண்டுக்கு முன் சீனப் பிள்ளைகளை வெளியே நிறுத்திய அதே நகரம், இப்போது சமத்துவத்தின் பெயரால் அவர்களை எண்ணி எண்ணி உள்ளே விட்டது.

1994-இல் மூன்று சீனக் குடும்பங்கள் வழக்குப் போட்டன. லோவலில் இடம் கிடைக்காத 14 வயதுப் பையன் மட்டுமல்ல, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே சேர முடியாத ஐந்து வயதுக் குழந்தையும் அதில் இருந்தது. 1999-இல் சமரசம் ஏற்பட்டு, இனக் கணக்கு ஒழிந்தது. அடுத்து வந்த ஏற்பாட்டில் 70 விழுக்காடு இடங்கள் மதிப்பெண்ணுக்கு; மிச்ச இடங்களில் குடும்பச் சூழல், வசதி குறைந்த பள்ளி ஆகியவற்றுக்கும் எடை இருந்தது.

அதற்குப் பிறகும் கறுப்பின மாணவர்களின் பங்கு 2 விழுக்காட்டைச் சுற்றியே நின்றது. பாதிக்கு மேல் ஆசிய மாணவர்கள். 2016-இல் பள்ளியில் ஒட்டப்பட்ட ஒரு சுவரொட்டி தங்களை இழிவுபடுத்துகிறது என்று கறுப்பின மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து நகர மன்றத்துக்குப் போனார்கள். கிட்டத்தட்ட 2,700 பேர் படித்த பள்ளியில் 2 விழுக்காடு என்றால், ஒரு வகுப்பறையில் தன்னைப் போல இன்னொருவர் இல்லாமலே ஆண்டு முழுவதும் உட்கார்ந்திருப்பது.

கொரோனா வந்தது. 2020 வசந்தத்தில் மதிப்பெண்ணும் இல்லை, தேர்வும் இல்லை. எனவே ஓராண்டுக்கு மட்டும் என்று குலுக்கல் கொண்டுவந்தார்கள். 2021 பிப்ரவரியில் கல்வி வாரியம் 5-க்கு 2 என்ற வாக்கில் அதை நிரந்தரமாக்கியது. கூட்ட அறிவிப்பில் சேர்க்கை முறை மாறப்போவதே தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் முடிவை ரத்து செய்தது. பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலத்தில் இதே வாரியம் 44 பள்ளிகளுக்குப் பெயர் மாற்றுவதில் மும்முரமாக இருந்தது; லோவலும் அந்தப் பட்டியலில் ஒன்று. 2022 பிப்ரவரியில் வாக்காளர்கள் வாரியத்தின் மூன்று உறுப்பினர்களைத் திரும்ப அழைத்துப் பதவி நீக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் எதிராக மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்கு விழுந்தது. சீனப் பெற்றோர் அந்தப் பிரசாரத்தில் வீதி வீதியாக நின்றார்கள்.

குலுக்கலில் வந்த முதல் அணியில் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் கூடினார்கள். 2021 இலையுதிர் பருவத்தில் ஒன்பதாம் வகுப்பில் நான்கில் ஒருவர் ஏதாவது ஒரு பாடத்தில் 'டி' அல்லது 'எஃப்' என்ற கடைசித் தரம் வாங்கினார். முந்தைய ஆண்டுகளில் அது 8 விழுக்காடு அளவில்தான் இருந்தது. குலுக்கலை எதிர்த்தவர்கள் இதையே சான்றாகக் காட்டினார்கள். அது பாதி நியாயம்தான். அந்தப் பிள்ளைகள் ஓராண்டுக்கு மேல் வீட்டில் திரை முன் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தவர்கள். அதோடு, வடிகட்டிய பிள்ளைகளை மட்டுமே பார்த்துப் பழகிய பள்ளி, வடிகட்டாத பிள்ளைகளுக்காகத் தன் பாடவேகத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்ததா என்று யாரும் அதே வேகத்தில் கேட்கவில்லை.

2022 ஜூனில் வாரியம் மறுபடி வாக்களித்தது: மதிப்பெண் முறைக்கு 4, எதிராக 3. 2023-இல் சேர்ந்த வகுப்பு பழைய முறையில் தேர்வானது.