ஜப்பானின் வயலும் தட்டும்: மரபணு மாற்றுப் பயிர்கள் குறித்த சில நம்பிக்கைகள்

மரபணு மாற்றுப் பயிர்களைப் பற்றித் தமிழில் நடக்கும் விவாதங்களில் அடிக்கடி சாட்சிக்கு அழைக்கப்படும் நாடு ஜப்பான். பி.டி. கத்தரிக்காய் சர்ச்சைக்குப் பிறகு மேடைகளிலும் கைபேசிச் செய்திகளிலும் ஒரு கூற்று பல வடிவங்களில் சுற்றிவருகிறது: ஜப்பான் இவற்றைத் தடை செய்துவிட்டது, அந்தச் சமூகம் இயற்கையோடு இயைந்தது, அதனால்தான் அங்கே ஆயுள் நீளம். இந்தப் படம் நம்மிடையே வேர்பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. மசனோபு ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' தமிழில் வந்ததிலிருந்து, நம் இயற்கை வேளாண் வட்டாரங்களுக்கு ஜப்பான் என்றாலே ஷிகோகு தீவின் உழாத வயல்தான். ஃபுகுவோகா தம் நாட்டு வேளாண்மையின் பிரதிநிதியாக எழுதவில்லை. அதை எதிர்த்துத்தான் எழுதினார். அவருடைய எதிர்ப்புக் குரலை நாம் அந்த நாட்டின் இயல்பாக வாசித்துவிட்டோம்.

முதலில் சட்டம். ஜப்பானில் மரபணு மாற்றுப் பயிர்களுக்குத் தடை இல்லை. உயிரிப் பாதுகாப்புக்கான கார்டஹீனா உடன்பாட்டை 2003இல் ஏற்ற ஜப்பான், அதை நடைமுறைப்படுத்த இயற்றிய சட்டத்தை 2004 பிப்ரவரியில் அமலாக்கியது. உணவுப் பாதுகாப்பு மதிப்பீடு 2001 ஏப்ரல் முதல் கட்டாயம். 2003இல் அமைந்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த மதிப்பீட்டைச் செய்கிறது. உணவுக்கென 300க்கும் மேற்பட்ட மரபணு மாற்று வகைகள் ஒப்புதல் பெற்றுள்ளன. ஜப்பானிய மண்ணில் விதைக்கலாம் என்று அனுமதிக்கப்பட்டவை மட்டுமே நூற்றுக்கு மேல். இத்தனை அனுமதி இருந்தும் உணவுப் பயிர் ஒன்றுகூட வணிக நோக்கில் பயிரிடப்படவில்லை. சன்டோரி நிறுவனம் 2009 நவம்பரில் சந்தைக்குக் கொண்டுவந்த, பான்சிப் பூவின் மரபணு சேர்ந்த நீல ரோஜா போன்ற அலங்காரப் பூதான் விதிவிலக்கு. அந்த ரோஜாவும் கண்ணுக்கு இளம் ஊதாவாகவே தெரியும். தடை என்ற கூற்று பொய். விதைப்பு இல்லை என்பது உண்மை. அந்தப் பொய் இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது.

ஜப்பான் கப்பல்களைத் திருப்பியனுப்பியது என்ற கதைகளுக்கும் அடிப்படை இருக்கிறது. அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட ஸ்டார்லிங்க் மக்காச்சோளம் 2000ஆம் ஆண்டில் மனித உணவில் கலந்திருப்பது தெரியவந்தது. சில வாரங்களில் ஜப்பானிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே அதற்கு எந்த ஒப்புதலும் கிடையாது. 2013இல் ஓரிகனில் ஒரு பண்ணையில் அனுமதியற்ற மரபணு மாற்றுக் கோதுமை முளைத்திருந்த செய்தி வந்ததும் அமெரிக்க வெள்ளைக் கோதுமையின் கொள்முதலை ஜப்பான் நிறுத்தியது. 2018இல் ஆல்பர்ட்டாவிலிருந்து அதேபோன்ற செய்தி வந்தபோது கனடியக் கோதுமைக்கும் அதே கதி. இரண்டு முறையும் சோதனைகள் முடிந்து ஓரிரு மாதங்களில் வணிகம் பழைய நிலைக்குத் திரும்பியது. மூன்று நிகழ்வுகளிலும் ஜப்பான் மறுத்தது ஒப்புதல் பெறாத வகையை. மரபணு மாற்றம் என்ற தொழில்நுட்பத்தையே மறுத்ததாக அவற்றை வாசிக்க இடமில்லை. ஆனால் செய்தியாவது கப்பல் நின்ற நாள்தான். அது மீண்டும் புறப்பட்ட நாளை யாரும் தலைப்பில் போடுவதில்லை.

இனி எண்கள். ஜப்பான் ஆண்டுதோறும் சுமார் ஒன்றரைக் கோடி டன் மக்காச்சோளத்தையும், முப்பது லட்சம் டன்னுக்கு மேல் சோயாவையும், இருபது லட்சம் டன் அளவில் கனோலாவையும் இறக்குமதி செய்கிறது. மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருபவை. கனோலாவில் பெரும்பங்கு கனடாவினுடையது. அமெரிக்காவில் மக்காச்சோளம், சோயா ஆகியவற்றின் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் மரபணு மாற்று வகைகள். கனடாவின் கனோலாவும் அப்படியே. ஜப்பானில் ஓராண்டில் விளையும் அரிசி எழுபது, எண்பது லட்சம் டன்தான். தன் அடையாளமாகப் போற்றும் தானியத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு மக்காச்சோளத்தை அந்த நாடு கடல் வழியே கொண்டுவருகிறது. உணவுக் கலோரியில் தன்னிறைவு நாற்பது விழுக்காட்டுக்கும் கீழே. தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், உலகில் மரபணு மாற்று விளைபொருளை மிக அதிகமாக வாங்கும் நாடுகளில் ஒன்றாக ஜப்பான் நிற்கும்.

இவ்வளவும் எங்கே போகிறது? மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும். மீதி மாவுச்சத்தாகவும் இனிப்புப் பாகாகவும் குளிர்பானத்துக்குள்ளும் பிஸ்கட்டுக்குள்ளும் நுழைகிறது. சோயாவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு எண்ணெய் ஆலைக்கு. டோஃபு, நாட்டோ, மிசோ போன்ற சோயா உணவுகளுக்கு வேண்டிய சோயா மட்டும் தனிப் பாதையில் வருகிறது. அமெரிக்காவின் மத்திய மேற்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஒப்பந்த விவசாயிகள் மரபணு மாற்றாத விதையை விதைத்து, தனியாக அறுத்து, தனிக் கிடங்கில் வைத்து, கூடுதல் விலைக்கு ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் சான்றிதழ் கூடவே பயணம் செய்கிறது. உள்நாட்டுச் சோயா மொத்தத் தேவையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத நாட்டில், டோஃபுவின் தூய்மை என்பது பெரிதும் அயல்நாட்டு வயலில் விலை கொடுத்து வாங்கப்படும் பொருள்.

பொட்டலத்தின் மேல் அச்சாகும் குறிப்பும் இந்தப் பிரிவினையையே பின்பற்றுகிறது. 2001 ஏப்ரலில் தொடங்கிய லேபிள் விதி டோஃபு, நாட்டோ, மிசோ முதலியவற்றுக்குக் கட்டாயம். சமையல் எண்ணெய்க்கும் சோயா சாஸுக்கும் மக்காச்சோளப் பாகுக்கும் கட்டாயமில்லை, பதப்படுத்தலில் டி.என்.ஏ.வும் புரதமும் சிதைந்துபோவதால் சோதித்து உறுதிசெய்ய இயலாது என்பது காரணம். மரபணு மாற்றுத் தீவனம் தின்ற கோழியின் முட்டைக்கும் குறிப்பு இல்லை. ஆகவே ஒரு ஜப்பானிய இல்லத்தரசி 'மரபணு மாற்றாதது' என்று அச்சிட்ட டோஃபுவைத் தேர்ந்து வாங்கி, அந்த விதி எட்டாத எண்ணெயில் அதைப் பொரித்து, அந்த விதி எட்டாத சாஸைத் தொட்டுப் பரிமாறுகிறார். கடை அலமாரியைப் படமெடுத்து 'பாருங்கள், ஜப்பான்' என்று பகிர்பவர் டோஃபு வரிசையைத்தான் எடுத்திருப்பார்.

மறைந்திருக்கும் இந்த இறக்குமதி வெளியே தலைகாட்டும் இடம் ஒன்று உண்டு. மியே மாகாணத்தின் யொக்காயிச்சி துறைமுகத்தில் இறங்கும் கனோலா, லாரிகளில் தெற்கே எண்ணெய் ஆலைக்குப் போகிறது. வழியில் சிந்தும் விதை 23ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்திலும் நடுத்தடுப்பின் மண்ணிலும் முளைத்து வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கும். உள்ளூர்க் குடிமக்கள் குழுவாகச் சேர்ந்து, கையுறை அணிந்து, செடிகளை வேரோடு பிடுங்கி மூட்டை கட்டுகிறார்கள். இலையைக் கசக்கிச் சாறெடுத்துச் சோதனைத் தாளில் நனைத்தால், களைக்கொல்லியைத் தாங்கும் புரதம் இருக்கிறதா என்று கோடு விழுந்து காட்டும். இபராக்கியின் காஷிமா துறைமுகச் சுற்றுவட்டத்தில் இத்தகைய செடிகள் இருப்பதை வேளாண் அமைச்சகமே 2004இல் அறிவித்தது. பிறகு துறைமுகங்களைச் சுற்றித் தொடர் கண்காணிப்பு நடத்தி, பல்லுயிர்ச் சூழலுக்குப் பாதிப்பு காணவில்லை என்று சொல்லிவருகிறது. பிடுங்குபவர்கள் அந்த முடிவில் நிறைவடையவில்லை, ஏனெனில் கனோலாவின் நெருங்கிய உறவுச் செடிகள் ஜப்பானியத் தோட்டத்துக் கீரைகளிலும் இருக்கின்றன. யார் சொல்வது சரி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: இறக்குமதியே இல்லாத நாட்டில் பிடுங்குவதற்குச் செடி இருந்திருக்காது.

அப்படியானால் விதைப்பு ஏன் இல்லை? மைய அரசு அனுமதித்ததைத் தடுத்துநிறுத்தியவை உள்ளூர் அமைப்புகளும் சந்தையும். ஐச்சி மாகாணத்தின் வேளாண் ஆய்வு நிலையமும் மான்சான்டோ விதை நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிவந்த களைக்கொல்லி தாங்கும் நெல், லட்சக்கணக்கான கையெழுத்துகள் குவிந்தபின் 2002 இறுதியில் கைவிடப்பட்டது. நீகாத்தாவின் ஜோயெட்சுவில் 2005இல் நோய் தாங்கும் நெல்லைத் திறந்த வயலில் சோதித்தபோது சுற்றுவட்டாரத்தினர் நீதிமன்றம் போனார்கள். ஹொக்காய்டோ 2006 ஜனவரி முதல் தன் சொந்த ஒழுங்குவிதியை அமலாக்கியது: திறந்த வயலில் பயிரிட ஆளுநரின் அனுமதி வேண்டும், மீறினால் சிறையோ அபராதமோ. பெரும் பரப்பில் சோயாவும் சர்க்கரைக் கிழங்கும் விளையும், ஆகவே மரபணு மாற்றுப் பயிரால் லாபம் காணக்கூடிய மாகாணமே இந்த வேலியைப் போட்டது கவனிக்கத்தக்கது. அந்த மாகாணத்துக்கு விற்பனைச் சொத்தே 'ஹொக்காய்டோ' என்ற பெயர்தான். ஒரு வயலில் கலப்பு நடந்தது என்ற செய்தி போதும், மாகாணம் முழுவதன் சரக்கும் விலை இறங்கும். செய்காட்சு கிளப் போன்ற நுகர்வோர் கூட்டுறவுகளின் அழுத்தமும் சேர்ந்தது. பெயரைக் காக்கும் இந்தக் கணக்கை மரபுப் பற்று என்று அழைப்பது ஹொக்காய்டோ விவசாயியின் வியாபார அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

'இயற்கையோடு இயைந்த பண்பாடு' என்ற விளக்கத்தை நான் ஏற்காததற்கு இன்னும் அழுத்தமான காரணம் ஜப்பானின் பயிர் மேம்பாட்டு வரலாறே. இபராக்கியில் 1960களின் தொடக்கத்திலிருந்து ஒரு காமா வயல் இயங்கியது. நூறு மீட்டர் ஆரம் கொண்ட வட்டம், சுற்றிலும் எட்டு மீட்டர் உயர மண்கரை, நடுவில் ஒரு கோபுரத்தில் கோபால்ட் 60. மையத்தை நெருங்க நெருங்கச் செடிகளுக்குக் கதிர்வீச்சு கூடும். அங்கே கதிர்வீச்சில் பிறந்த திடீர்மாற்றத்திலிருந்துதான் கரும்புள்ளி நோயைத் தாங்கும் 'கோல்ட் நிஜிஸ்செய்கி' பேரிக்காய் வந்தது. 'ரெய்மெய்' நெல்லும் 1966இல் கதிர்வீச்சின் வழியே வெளியானது. இவற்றின் மேல் எந்த எச்சரிக்கைக் குறிப்பும் இல்லை. மக்கள் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டார்கள். பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமைக்கு மூலம் ஜப்பானின் 'நோரின் 10'. நாம் பி.டி. பருத்தி என்று சொல்கிறோமே, அந்தப் பெயரில் உள்ள பாக்டீரியத்தை 1901இல் நோயுற்ற பட்டுப்புழுவிலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர் ஷிகெடானே இஷிவாட்டா என்ற ஜப்பானியர். ஜெர்மானியப் பகுதியான துரிங்கியாவின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது பத்தாண்டுக்கும் மேல் கழித்து.

ஆயுள் பற்றிய வாதம் இன்னும் எளிதில் உடையும். மரபணு மாற்று இறக்குமதிக்கு ஜப்பான் 1996இல் கதவு திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பெண்களின் சராசரி ஆயுள் 82.85, ஆண்களுடையது 76.38. 2019இல் அவை முறையே 87.45, 81.41. இதை வைத்து மரபணு மாற்று உணவு ஆயுளை நீட்டுகிறது என்று யாரேனும் சொன்னால் சிரிப்போம். அதே சிரிப்பு எதிர்வாதத்துக்கும் உரியது. ஒரே எண்ணெயும் ஒரே சாஸும் விற்கும் நாட்டுக்குள்ளேயே நாகானோ ஆண்களுக்கும் ஆமோரி ஆண்களுக்கும் 2010 கணக்கில் மூன்று ஆண்டுக்கு மேல் இடைவெளி. போருக்குப் பிந்தைய ஜப்பானில் பல பத்தாண்டுகள் முதன்மை உயிர்க்கொல்லியாக இருந்தது பக்கவாதம். உப்பைக் குறைத்ததும், ரத்த அழுத்தத்தை ஊர் ஊராக அளந்ததும், 1961இல் நிறைவடைந்த அனைவருக்குமான மருத்துவக் காப்பீடும் அதை விரட்டின. நாகானோவில் கிராமத் தன்னார்வப் பெண்கள் வீடு வீடாகப் போய் மிசோ சூப்பின் உப்பைச் சோதித்த வரலாற்றை யாரும் கைபேசியில் பகிர்வதில்லை.

தவறான கூற்றுகள் வெளிநாட்டவர் உற்பத்தி மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. நெல், கோதுமை, சோயா விதைகளைப் பேணும் பொறுப்பை மாகாணங்களிடம் வைத்த 1952ஆம் ஆண்டுச் சட்டம் 2018 ஏப்ரலில் நீக்கப்பட்டபோது, பன்னாட்டு நிறுவனங்களின் மரபணு மாற்று விதை நாளையே வயலுக்கு வரப்போகிறது என்று ஜப்பானிலேயே பரவலாகப் பேசப்பட்டது. 2020இல் விதை, நாற்றுச் சட்டத் திருத்தத்தின்போது நடிகை கோ ஷிபாசாக்கியின் ஒரு ட்விட்டர் பதிவு அலையைக் கிளப்பி, மசோதா அந்தக் கூட்டத்தொடரில் தள்ளிப்போனது, டிசம்பரில் நிறைவேறியது. திருத்தம் கையாண்டது பதிவுபெற்ற புதிய ரகங்களின் உரிமையை. ஷைன் மஸ்கட் திராட்சை சீனாவுக்கும் கொரியாவுக்கும் கசிந்துபோன ஆத்திரம் அதன் பின்னணி. மரபணு மாற்றத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் பொதுத்துறை விதை ஆராய்ச்சி நலிந்தால் சிறு விவசாயி யாரை நம்புவது என்ற கேள்வி நியாயமானது. மரபணு அச்சத்தின் ஆரவாரத்தில் அந்தக் கேள்வி காதில் விழாமல் போனதுதான் இழப்பு.

இதற்கிடையே, வெளியிலிருந்து மரபணு சேர்க்காத மரபணுத் திருத்த உணவுகளை, முன்னறிவிப்பு கொடுத்தால் போதும் என்ற விதியின் கீழ் 2019இல் ஜப்பான் ஏற்றது. சுக்குபா பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த, காபா என்ற அமினோ அமிலம் மிகுந்த தக்காளியின் நாற்றுகள் 2021இல் ஆயிரக்கணக்கான வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு தக்காளி விற்பனைக்கு வந்தது. சதை கூடிய கடல் மீனும், வேகமாக வளரும் பஃபர் மீனும் தொடர்ந்தன. ஐரோப்பா அப்போது தயங்கி நின்ற இடம் அது.

லேபிள் விதி 2023 ஏப்ரலில் இறுக்கப்பட்டது. முன்பு தற்செயல் கலப்பு ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் 'மரபணு மாற்றாதது' என்று அச்சிட முடிந்தது. இப்போது சோதனையில் எதுவும் தென்படாவிட்டால்தான் அந்த வாசகம் செல்லும். மற்றவை 'பிரித்துக் கையாளப்பட்டது' என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம். ஒரே கப்பலில் வரும் அமெரிக்கச் சோயாவுக்குப் பூச்சிய உத்தரவாதம் தரப் பல உற்பத்தியாளர்களால் இயலவில்லை, வாசகத்தை எடுத்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் டோஃபு அதே டோஃபுதான். அதே அலமாரியை இன்று படமெடுப்பவர், ஜப்பானும் பணிந்துவிட்டது என்று எழுதி அனுப்பக்கூடும்.