முதுமை இழிவெண்ணமும் மறதிநோயும்: காவிரிப் படுகை

முதுமை இழிவெண்ணம் என்பது ஒருவரை அவருடைய அகவை கொண்டே தளர்ந்தவர், பயனற்றவர் என முன்கூட்டி முடிவுகட்டும் மனப்பாங்காகும். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969-இல் இதற்குத் தனிப்பெயர் இட்டார். நினைவு, மொழி, கணிப்புத்திறன் ஆகியவற்றைப் படிப்படியாகக் குலைக்கும் மூளைநோய்த் தொகுதியான மறதிநோய் (டிமென்ஷியா) உடையோரை இம்மனப்பாங்கு கூடுதலாகத் தாக்குகிறது.

காவிரிப் படுகையிலுள்ள தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நெல்வயல் ஊர்களில் இவ்வெண்ணம் பரிவின் வடிவிலும் தோன்றக்கூடும். குறுவை நெற்பருவத்துக்கு வாங்கிய உரத்தின் கணக்கைத் தவறவிடும் முதியவரை ‘வயதானால் அப்படித்தான்’ என்று தேற்றி வீட்டில் இருத்தும்போது மருத்துவச் சோதனை தள்ளிப்போவதோடு, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு முதலிய, சிகிச்சையால் சீராகக்கூடிய காரணங்களும் கண்டறியப்படாமல் போகின்றன. மருத்துவத் துறையும் இதற்கு விலக்கன்று: 2019-ஆம் ஆண்டின் உலக அல்சைமர் அறிக்கைக்கான கணக்கெடுப்பில் ஏறத்தாழ 62 விழுக்காட்டு மருத்துவப் பணியாளர்கள் மறதிநோயை இயல்பான மூப்பின் பகுதி எனக் கருதினர்.

நோய் உறுதியான பின்னரும், விதைநெல்லின் தரம் பார்த்தல், நாற்றின் பதம் அறிதல் போன்ற நெடுநாள் பழகிய திறன்கள் பெரும்பாலும் அண்மை நினைவைவிடப் பிந்தியே குன்றுகின்றன. அவற்றையும் ஒருசேர விலக்கினால், நோய் பறித்ததைவிடச் சுற்றம் பறிப்பதே மிகுதியாகிவிடும். குழந்தையைப்போல் நடத்துதல், எதிரில் இருக்கும்போதே இல்லாதவர்போல் பேசுதல் ஆகியவற்றைப் பிரித்தானிய உளவியலாளர் டாம் கிட்வுட் தீங்கான சமூக உளவியல் என வகைப்படுத்தினார். குத்தகையும் பாகப்பிரிவினையும் பேசப்படும் திண்ணையில், நிலத்துக்குரியவரையே கேளாமல் முடிவெடுப்பது இவ்வகையைச் சேர்ந்ததே.

இத்தகைய நிலையை எதிர்கொள்ளக்கூடியோர் சிலரல்லர்: இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினர், அதாவது 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது.