தாம்பூலமும் வாய்ப்புற்றுநோயும்: மலாக்காத் தோட்டத் தமிழர் வரலாற்றில் ஒரு பக்கம்

மலாயாத் தோட்டத் தமிழரின் உடல்நல வரலாற்றை எழுதியோர் மலேரியாவையும் வயிற்றுக்கடுப்பையும் விரிவாகப் பேசியுள்ளனர். பல ஆண்டுகள் வாயினுள் மறைந்திருந்து, முதுமையில் உயிர் கவரும் வாய்ப்புற்றுநோய் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இந்நோயினின்று பிழைத்தலை முடிவு செய்தது மருத்துவம் மட்டுமன்று, வாழ்க்கைச் சூழலுமே என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

1896-இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து, ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அங்குக் குடியேறிய தமிழர் வெற்றிலைப் பழக்கத்தையும் உடன்கொணர்ந்தனர். கோவலன் உண்டபின் கண்ணகி அவனுக்கு வெற்றிலை பாக்கு அளித்ததாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மலாய்க்காரரிடையேயும் வெற்றிலைத் தட்டு மங்கலப் பொருளே. ஆயின் தோட்ட லயங்களில் அது மங்கல நாளுக்கு மட்டும் உரியதாக நிற்கவில்லை. விடியலில் பெரட்டுக்குச் செல்லுமுன்னும் பால் வெட்டும் வேளையிலும் பசியையும் களைப்பையும் மறக்க உதவும் துணையாயிற்று. பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு புகையிலையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வோர் பலர்.

இப்பழக்கத்தின் தீங்கைத் தமிழகத்தின் தென்கோடியிலேயே மருத்துவர்கள் கண்டிருந்தனர். அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூரில் பணியாற்றிய ஓர் என்னும் மருத்துவர், வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்றுநோய் குறித்து 1933-இல் எழுதினார். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985-இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தையும், 2004-இல் புகையிலை சேராத தாம்பூலத்தையும் பாக்கையும் புற்றுநோய்க் காரணிகள் என அறிவித்தது. புகையிலை இல்லையெனில் தீங்கில்லை என்னும் நம்பிக்கை இதனால் தகர்ந்தது.

மலேசியாவில் 1993, 1994-ஆம் ஆண்டுகளில் 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாய் சோதிக்கப்பட்டது. புற்றுநோய்க்கு முந்தைய நிலை மாற்றங்கள் இந்தியரிடையே 4.0 விழுக்காடாகவும், சீனரிடையே 0.5 விழுக்காடாகவும் இருந்தன. வெண்படலம் தோன்றுதல், வாய் திறக்க இயலாதவாறு கன்னத்தின் உட்பகுதி இறுகுதல் ஆகியன அத்தகைய மாற்றங்களாம்.

நோய் சிறிதாக இருக்கும்போதே கண்டறிந்தால் அறுவை மருத்துவம் ஒன்றே பெரும்பாலும் போதுமானது; பத்தில் எட்டுப் பேரளவில் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவினால் கதிர்வீச்சும் தேவைப்படுகிறது. பிழைப்போர் தொகையும் வெகுவாகக் குறைகிறது. ஆனால் தொடக்கநிலைப் புண்ணில் வலி இருப்பதில்லை. நாட்கூலித் தொழிலாளிக்கு ஒருநாள் மருத்துவமனைக்குச் செல்வது ஒருநாள் ஊதியத்தை இழப்பதாகும். வலியில்லாப் புண்ணுக்காக அவ்விழப்பை ஏற்பவர் யார்? எனவே, உண்ண இயலாத நிலை வந்த பின்னரே மருத்துவரை நாடினர். இதனை அறியாமை என்று மட்டும் கூறிவிடுதல் பொருந்தாது என்பது நம் கருத்து.

1997-இல் சுகாதார அமைச்சு தொடங்கிய வாய்ப்புற்றுநோய்த் தடுப்புத் திட்டம் இவ்விடைவெளியை உணர்ந்து அமைந்ததாகும். நோயாளி மருத்துவரைத் தேடி வருவதற்கு மாறாக, பல் மருத்துவக் குழுவினர் தோட்டங்களுக்கே சென்று வாயைச் சோதித்தனர். எனினும் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். தோட்டம் பின்தங்கிற்று, பழக்கமோ உடன்வந்தது.

இந்நிலையில் தமிழாசிரியர்களுக்கு ஒரு கடமை உண்டு. தாம்பூலத்தின் பண்பாட்டுச் சிறப்பை வகுப்பில் கற்பிக்கும்போதே அதன் தீங்கையும் உரைத்தல் வேண்டும். இரண்டு வாரங்களில் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரிடம் காட்டவேண்டும் என்னும் ஒரு செய்தியை மாணவர் வீட்டிற்குக் கொண்டுசென்றால், அது அவர்தம் பாட்டியின் உயிரைக் காக்கக்கூடும்.