தீக்குச்சியும் வால்வு டியூபும்

வடாலா ரோட்டில் ஹார்பர் லைன் வண்டி ஏறி, செம்பூர், கோவண்டி தாண்டி மான்குர்த்தில் இறங்கினால் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். இன்று விசாலமான வளாகம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1974இல் அதைத் தொடங்கியபோது, நானா சௌக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளிதான் அதற்கு இடம் கொடுத்தது. பொருத்தமான இடம்தான், சிக்கலே பள்ளிகளில்தானே இருந்தது: அன்றைய பள்ளிகளில் அறிவியல் கருவிகள் பெரும்பாலும் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. உடைந்தால் யார் பதில் சொல்வது?

இந்தப் பயத்தைப் போக்க உலகம் முன்பே யோசித்திருந்தது. போரில் சிதைந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காக, கையில் கிடைக்கும் எளிய பொருட்களாலேயே சோதனை செய்வதைப் பற்றி 1948இல் ஸ்டீபன்சன் என்பவர் எழுதிய கையேடு, 1956இல் யுனெஸ்கோவின் பெரிய செய்முறை நூலாக வளர்ந்தது.

இந்தியாவில் இதைப் பள்ளிப் பாடமாகவே ஆக்கியது ஹோஷங்காபாத். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் கிஷோர் பாரதி அமைப்பும் ரசூலியாவின் குவேக்கர் மையமும் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய திட்டத்துக்கு, மும்பையிலிருந்து யஷ்பால் உள்ளிட்ட டாடா நிறுவன இயற்பியலாளர்கள் போனார்கள். அங்கே குண்டூசிக்குப் பதில் கருவேல முள். 1978இல் வேலைக்கு விடுப்புப் போட்டு வந்த கான்பூர் ஐஐடி பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூபால் இணைத்தார். சதுரம் சாயும், முக்கோணம் அசையாது. பாலங்களில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்பது குழந்தையின் விரலுக்கே தெரிந்துவிடும்.

அவர் பரப்பிய மோட்டார் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ஒரு பேட்டரி, அதன் இரு முனையிலும் ரப்பர் பட்டையால் கட்டிய ஊக்குகள், மேலே ஒரு காந்தம், ஊக்குத் துளைகளில் தொங்கும் எனாமல் செம்புக்கம்பிச் சுருள். சூட்சுமம் சுரண்டுவதில் இருக்கிறது. சுருளின் ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும்; மறுமுனையில் மூன்று பக்கம் மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால், அரைச்சுற்றில் முன்னே தள்ளிய விசை அடுத்த அரைச்சுற்றில் பின்னே இழுக்கும். சுருள் ஊசலாடியே நிற்கும். சுரண்டாத பக்கம் ஊக்கைத் தொடும்போது மின்சாரம் நிற்கிறது, வந்த வேகத்திலேயே சுருள் தாண்டிவிடுகிறது. கடையில் வாங்கிய மோட்டாரில் இந்த வேலை உறைக்குள் மறைந்திருக்கும். விலை குறைவு என்பதைவிட இதுதான் பெரிய லாபம்: சுற்றாவிட்டால் ஏன் என்று பிள்ளையே கண்டுபிடிக்கலாம்.

தீக்குச்சிச் சோதனைகளைக் குப்தா பின்னர் புத்தகமாக்கினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஹோஷங்காபாத் திட்டத்தையோ மாநில அரசு 2002லேயே மூடிவிட்டது.