மலைநீரோடு கூடவே வந்த நடை

செக் குடியரசின் யெசெனிக் ஊருக்கு மேலே ஒரு மலைச்சரிவு இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அது ஆஸ்திரியப் பேரரசின் சிலேசியாவில் இருந்தது. கிராஃபென்பெர்க் என்று பெயர். 1799இல் அங்கே ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ். இளவயதில் வண்டி ஏறி விலா எலும்புகள் முறிந்தபோது, ஈரத்துணியை மார்பில் இறுகக் கட்டித் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். மருத்துவம் படிக்காத இந்த மனிதரைத் தேடித்தான் ஐரோப்பாவின் பிரபுக்களும் படைத்தலைவர்களும் மலையேறி வந்தார்கள்.

வந்தவர்களை ஈரப் போர்வையில் சுற்றினார், குளிர்நீர்த் தொட்டியில் முக்கினார், உயரத்திலிருந்து ஓடைநீர் உடம்பில் விழும்படி நிற்க வைத்தார். குளிர்நீர் வைத்தியத்தின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பிரீஸ்னிட்ஸ் நிறுத்தவில்லை. கோடாரியைக் கொடுத்து விறகு வெட்டச் சொன்னார், காட்டுவழியே நடக்கச் சொன்னார். நாற்காலியிலேயே காலம் கழித்த சீமான்களுக்கு நீர் எவ்வளவு புதிதோ, வியர்வையும் அவ்வளவு புதிது. இந்த வைத்தியம் ஊர் ஊராகப் போன வழியில், நீரின் கூடவே போன அந்த நடையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

1842இல் இந்த வைத்தியம் இங்கிலாந்தின் மால்வெர்ன் குன்றுகளுக்கு வந்து சேர்ந்தது. ஜேம்ஸ் வில்சன், ஜேம்ஸ் கல்லி என்ற இரண்டு மருத்துவர்கள் கொண்டுவந்தார்கள். 1849 மார்ச்சில் அங்கே குடும்பத்தோடு வந்து இறங்கியவர் சார்லஸ் டார்வின். முந்தைய நவம்பரில் தந்தை இறந்திருந்தார். வாந்தி, கைநடுக்கம், தலைசுற்றல், வேலை ஓடவில்லை. அங்கே தன் பொழுது எப்படிப் போகிறது என்று தமக்கைக்கு எழுதியிருக்கிறார். காலை ஏழு மணிக்குக் கால்மணி முன்னால் எழ வேண்டும். சொரசொரப்பான துண்டைக் குளிர்நீரில் நனைத்து இரண்டு மூன்று நிமிடம் உடம்பைத் தேய்ப்பார்கள், தோல் சிவந்துபோகும். பிறகு ஒரு குவளை நீர், அவசரமாக உடை, இருபது நிமிட நடை. சர்க்கரை, வெண்ணெய், தேநீர் எதுவும் கிடையாது. இன்னொரு கடிதத்தில், மனம் சிந்திப்பதையே நிறுத்திவிட்டது, பார்னக்கிள்களைக்கூட மறந்துவிட்டேன் என்கிறார். கப்பலடியில் ஒட்டிக்கொள்ளும் அந்த உயிர்களோடுதான் அவர் ஆண்டுக்கணக்கில் மாரடித்துக்கொண்டிருந்தார். ஓயாமல் சுழலும் ஒரு மூளைக்கு இது எவ்வளவு பெரிய ஓய்வு! வீடு திரும்பியதும் தோட்டத்தில் குளிர்நீர்க் குளியலுக்கு ஒரு குடில் கட்டிக்கொண்டார். அந்தக் குடில் காலப்போக்கில் கைவிடப்பட்டது. ஆனால் வீட்டை ஒட்டிய சாண்ட்வாக் என்ற நடைபாதையில் அன்றாடம் நடப்பதை அவர் கடைசிக்காலம் வரை விடவில்லை.

நீர் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நம்பியதற்கு விலையும் உண்டு. 1851 ஏப்ரலில், அதே மால்வெர்னில், அதே கல்லியின் கவனிப்பில், டார்வினின் பத்து வயது மகள் ஆனி இறந்தாள். இதைச் சொல்லாமல் மால்வெர்னைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

டார்வின் மால்வெர்னுக்குப் போன அதே 1849இல், பவேரியாவில் நுரையீரல் நோயோடு படித்துக்கொண்டிருந்த செபாஸ்டியன் க்னைப், பழைய நீர்வைத்திய நூல் ஒன்றைப் படித்துவிட்டு டான்யூப் ஆற்றுக்கு விரைந்தார். பனிக்காலம். சில நொடிகள் முங்கி எழுந்து, மறுபடி வேகமாக வீட்டுக்குத் திரும்புவார். பின்னாளில் பாதிரியாராகி, 1886இல் அவர் வெளியிட்ட நீர்வைத்தியப் புத்தகம் பல மொழிகளுக்குப் போனது. நீரோடு உடலசைவும் அவர் முறையின் தூண்களில் ஒன்று. லூயி கூனே என்ற இன்னொரு ஜெர்மானியரின் இடுப்புக்குளியலைத் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது காந்தி கைக்கொண்டார். லண்டன் மாணவப் பருவத்திலிருந்தே நெடுநடைக்காரர் அவர். நம்மூர் இயற்கை மருத்துவ நிலையங்களில் இன்றும் இருக்கும் இடுப்புக்குளியல் தொட்டியும் ஈரத்துணிப் பட்டியும் இப்படி வந்தவைதான்.

அறிவியல் பின்னால் வந்து, சேர்ந்திருந்த குளிர்நீரையும் உடலசைவையும் பிரித்து அளந்தது. 14 டிகிரி நீரில் கழுத்தளவு ஒரு மணிநேரம் உட்கார்ந்த இளைஞர்களின் இரத்தத்தில் நார்அட்ரினலின் 530 சதவீதமும் டோபமின் 250 சதவீதமும் உயர்ந்ததாகச் செக் ஆய்வாளர்கள் 2000இல் எழுதினார்கள். உற்சாகத்தோடும் விழிப்போடும் தொடர்புடைய பொருள்கள் இவை. ஆனால் இரத்தத்தில் ஏறியது அப்படியே மூளையிலும் ஏறியது என்று பொருளல்ல. உடற்பயிற்சிக்கான சான்று இதைவிடக் கெட்டியானது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு நோய் கொண்ட, ஐம்பது வயது தொட்ட 156 பேரை மூன்று குழுவாக்கினார்கள்: பயிற்சி மட்டும், செர்ட்ரலின் மாத்திரை மட்டும், இரண்டும். முதலில் முந்தியது மாத்திரை. பதினாறு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே நிலை. 1999இல் வெளிவந்த முடிவு இது.

2018இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஒரு 24 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார்கள். பதினேழு வயதிலிருந்து மனச்சோர்வு. குழந்தை பிறந்தபின் மாத்திரையிலிருந்து விடுபட விரும்பினார். வாரந்தோறும் திறந்தவெளிக் குளிர்நீரில் நீந்தினார். ஒவ்வொரு நீச்சலுக்குப் பிறகும் மனம் தெளிந்தது. ஓராண்டு கழித்தும் மாத்திரை தேவைப்படவில்லை. ஒரே ஒருவரின் கதை என்பதால் இதை எல்லோருக்குமான சிகிச்சையாக்க முடியாது. நீந்துவதே உடற்பயிற்சி ஆகையால், பலன் குளிரால் வந்ததா, கைகால் வீச்சால் வந்ததா என்றும் பிரிக்க முடியாது. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. இரண்டும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வந்தவை.

குளிர்நீரில் சட்டென்று இறங்கினால் மூச்சு தன்னிச்சையாக இழுக்கும், இதயம் படபடக்கும். ஆபத்து மிகுந்தது அந்த முதல் இரண்டு மூன்று நிமிடம்தான். சில தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால் உடம்பின் அந்த அதிர்ச்சி நன்றாகக் குறைகிறது. இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமலும், யாருமே தனியாகவும் இறங்கக் கூடாது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்த வேண்டாம். மருத்துவரோடு பேசிக்கொண்டே நடையைத் தொடங்கலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை.